வண்டிப் பூங்காவுக்கு இன்னும் கொஞ்ச தூரம்

— எஞ்சின அணைங்க! மொதல்ல எஞ்சின அணைங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்!

— அணைச்சா வெறச்சுப் போயிருவேன்யா! வெளியில காத்து எப்படி அடிக்குதுன்னு உனக்கு ரேடியோவுல கேக்குதா இல்லையா?

— கேக்குது. ஆனா பிக்கப்போட பின்பக்கம் பனிக்குள்ள பொதைஞ்சு கெடக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்படின்னா புகைக்குழாய் அடைஞ்சிருக்கும். புகை பூரா உள்ளதான் வருது. தலை வலிக்குதுன்னீங்கல்ல? அது குளிர்ல வர்ற வலி இல்ல. அணைங்கம்மா!

— சரி, சரி. அணைச்சுட்டேன். ஹீட்டரும் போச்சு. சந்தோஷமா?

— காத்து அடிக்காத பக்கம் ஜன்னல ஒரு விரக்கடை எறக்குங்க. நல்லா இழுத்து மூச்சு விடுங்க. ரேடியோ பேட்டரியிலயே ஓடும், பயப்படாதீங்க. இப்ப சொல்லுங்க, நீங்க யாரு? எங்க நிக்கிறீங்க?

— வெர்லா ஹாக்கன்சன். வண்டிப் பூங்காவுல நிக்கிறேன். பழைய நெடுஞ்சாலை மேல, வில்லோ ஊத்துக்கிட்ட.

— அடடே, வண்டிப் பூங்கா அம்மாவா? வெயில் காலம் பூரா அந்தச் சரித்திரப் பலகைக்குப் பக்கத்துல மடக்கு நாற்காலி போட்டு உக்காந்திருப்பீங்களே?

— அவளேதான். நீ யாரு?

— பாய்ட் கெல்லர். பனி தள்ற வண்டி ஓட்டுறேன். ஆரஞ்சு வண்டி.

— ஓஹோ! வருஷா வருஷம் என் தபால் பெட்டிய இடிச்சுத் தள்ற புண்ணியவான் நீதானா?

— நான் இடிக்கலம்மா. பிளேடு தள்ற பனி போய் இடிக்குது.

— நல்லா இருக்கு நியாயம். குத்தினவன் நான் இல்ல, கத்திதான்னு சொல்றாப்ல.

— வசந்தம் வந்ததும் அத நிமுத்தி நட்டு, புதுசா ஆணி அடிச்சது யாருன்னு நெனச்சீங்க?

— என் அண்ணன் மகன்னு நெனச்சேன்.

— அவரு உங்க வீட்டுப் பக்கம் வந்து எவ்வளவு நாளாச்சு?

— ...அத விடு. ஏய், நீதானே எதிர்ல வரும்போது ஸ்டியரிங்லேர்ந்து ஒத்த விரலத் தூக்குவ?

— நீங்களும் தூக்குவீங்க. ஒரு தடவகூடத் தவறினது இல்ல.

— எத்தனையோ வருஷமா நடக்குது. இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்த பேசினது இல்ல பாரேன்.

— இந்தப் பக்கம் அவ்வளவுதான் பழக்கம். விரலத் தூக்கினா உறவுன்னு அர்த்தம். சரி, புயலுக்காக ரோட்டுல இரும்பு கேட்ட எறக்கி மூடியாச்சே, எப்படி உள்ள வந்தீங்க?

— கேட்டுக்குப் பக்கத்துலதான் சுத்திப் போற தடம் இருக்கே.

— அது தடம் இல்லம்மா, பள்ளம்.

— எங்க அப்பா காலத்துலேர்ந்து எல்லாரும் போற பள்ளம். கேட்டு வெளியூர்க்காரனுக்குய்யா. வயோமிங்ல பொறந்தவன் எவன் அத மதிக்கிறான்? கெளம்பும்போது வானம் துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. இப்பவும் மேலேர்ந்து ஒரு பொட்டுகூட விழல. தரையில கெடந்ததத்தான் காத்து வாரி மூஞ்சியில அடிக்குது.

— இந்தக் காத்துல போலீஸ்காரனே கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டான். பிளேடு வண்டி தொறந்து விட்டாத்தான் அவனுக்கும் வழி. அப்படி என்ன தலை போற வேல, இன்னிக்கு வரணும்னு?

— சிரிக்க மாட்டேன்னு சொல்லு.

— சிரிக்கிற நெலமையில இல்லம்மா.

— அந்தக் காலத்து மாட்டு வண்டி மாதிரி ஒண்ணு செஞ்சு இங்க நிறுத்தியிருக்கில்ல, அதுக்கு மேல வளைச்சுக் கட்டின துணி. குளிர் வர்றதுக்கு முன்னாடி கழட்டிச் சுருட்டிக் கொட்டாயில வைக்கணும். வருஷா வருஷம் நாங்க ஆறேழு பேர் சேர்ந்து செய்வோம், பழைய வண்டித் தடத்தப் பாதுகாக்கிற சங்கத்துக்காரங்க. கேக்கு, காப்பின்னு திருவிழா மாதிரி இருக்கும். இந்த வருஷம் மறந்துட்டேன். காலையில வானொலியில காத்து எச்சரிக்கை சொன்னான். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

— மத்தவங்க?

— சில பேர் கல்லறையில, சில பேர் அரிசோனாவுல. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, எங்கேர்ந்தும் போன் வராது. இப்ப தலைவர் நான், செயலாளர் நான், துணி கழட்டுறவ நான்.

— துணி இன்னும் வண்டி மேல இருக்கா?

— பாதி கிழிஞ்சு சாட்டை மாதிரி அடிச்சுக்கிட்டு இருக்கு. சத்தம் கேக்குது. ஆனா வண்டி கண்ணுக்குத் தெரியல. பிக்கப் மூக்குக்கு அந்தப் பக்கம் உலகமே இல்ல, பாய்ட். வெள்ளை மட்டும்தான்.

— போர்வ, கம்பளி ஏதாவது இருக்கா உங்ககிட்ட?

— ஒரு கோட்டு. தெர்மாஸ்ல கொஞ்சம் காப்பி. அரை சாண்ட்விச்.

— அப்ப அந்தத் துணி வேணும். கனமான துணிதானே?

— ஆளி விதை எண்ணெய் தடவினது. அந்தக் காலத்துக்காரங்க செஞ்ச மாதிரியே செய்யணும்னு எங்க வீட்டுக்காரர் கிளென் ஒத்தக் கால்ல நின்னாரு. தண்ணியும் எறங்காது, காத்தும் நுழையாது. நாத்தம் மட்டும் கொடலப் புடுங்கும்.

— நாறட்டும். கயிறு இருக்கா?

— மாடு புடிக்கிற சுருக்குக் கயிறு, சீட்டுக்குப் பின்னால.

— ஒரு நுனிய பிக்கப்போட பக்கக் கண்ணாடிக் கம்பியில கட்டுங்க. இன்னொரு நுனிய இடுப்புல கட்டுங்க. முடிச்ச ரெண்டு தடவ இழுத்துப் பாருங்க. சத்தம் வர்ற பக்கமா போங்க. கயிறு தீர்ந்துபோச்சுன்னா, துணி கைக்கு எட்டுற மாதிரி இருந்தாலும், அவுக்காதீங்க. திரும்பிருங்க. சரிங்களா?

— குளிர்காலத்துல கொட்டாய்க்கும் வீட்டுக்கும் நடுவுல கயிறு கட்டி வளந்தவ நான். எனக்கே சொல்லித் தரியா?

— தெரிஞ்சவங்கதான் கேட்ட சுத்திப் போறாங்க.

— வாயப் பாரு. சரி, போறேன். மைக்க சீட்டு மேல போட்டுட்டுப் போறேன்.

— வெர்லாம்மா?

— வெர்லாம்மா, கதவ சாத்திட்டுப் போனீங்களா?

— கேக்காதுதான். இருந்தாலும் பேசிக்கிட்டே இருக்கேன். காத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க. கத்தி இருந்தா துணியக் கட்டியிருக்கிற கயித்த அறுத்துருங்க, முடிச்ச அவுக்க விரல் வராது.

— வெர்லாம்மா?

— யாராவது ஒரு வார்த்த பேசுங்களேன்.

— வெர்லாம்மா! வந்துட்டீங்களா?

— ...

— வெர்லா!

— கத்தாதேய்யா, காது கிழியுது. வந்துட்டேன். பாதித் துணி வந்துச்சு, மீதிய காத்து எடுத்துக்கிச்சு. கண் இமையெல்லாம் ஒட்டிக்கிச்சு. என்ன, குரல் நடுங்குது உனக்கு? நான்தானே வெளியில போனேன்?

— ஒண்ணுமில்ல. ரெண்டு சுத்து சுத்தி மூடிக்குங்க. கால சீட்டு மேல தூக்கி வைங்க. தலைய மூடுங்க. இருங்க... ஆபீஸ் ரேடியோ கூப்பிடுது. எங்கயும் போயிராதீங்க.

— எங்கய்யா போவேன்? டான்ஸ் ஆடவா?

— ...

— பாய்ட்?

— ...

— பாய்ட், அப்படி என்ன பேசுறீங்க இவ்வளவு நேரம்?

— வந்துட்டேன். எல்லாம் முடிவாயிருச்சு. உங்ககிட்ட வண்டி வருது.

— நீதானே வர?

— ஆமா. நான்தான் வர்றேன். கெளம்பிட்டேன்.

— எங்க இருக்க இப்ப?

— ஜல்லிக் குவியல் தாண்டினேன். இன்னும் கொஞ்ச தூரம்தான்.

— கொஞ்ச தூரமா? ஜல்லிக் குவியல்லேர்ந்து இந்தக் காத்துல வந்து சேர சாயங்காலம் ஆயிரும்.

— இருட்டுறதுக்குள்ள வந்துரலாம். அது வரைக்கும் நீங்க தூங்கக் கூடாது. பேசிக்கிட்டே இருக்கணும். எதையாவது பேசுங்க.

— என்னத்தப் பேச? பேசி ரொம்ப நாளாச்சு. வாய் பழக்கமே விட்டுப்போச்சு.

— அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு? அதச் சொல்லுங்க.

— என்னது? படிச்சதே இல்லையா நீ? தெனமும் அதத் தாண்டித்தானேய்யா போற?

— எப்பவும் பிளேடு எறக்கின வண்டியில போறேன். நிறுத்தினா பின்னாடி பனி மூடிரும். வெயில் காலத்துல... தெரியல. நிறுத்தினது இல்ல. நிறுத்தியிருக்கணும்.

— போன வெயில் காலத்துல ஒரே ஒருத்தன்தான் பலகைய முழுசாப் படிச்சான். மோட்டார் சைக்கிள்காரன். ஹெல்மெட்ட கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு, சர்ச்சுல நிக்கிற மாதிரி நின்னு படிச்சான். அத வச்சே ஒரு மாசம் ஓட்டினேன். மத்தவனெல்லாம் கக்கூஸ் எங்கன்னு கேப்பான், போவான், கெளம்புவான். புது நெடுஞ்சாலை வந்த பிற்பாடு அவனும் வர்றது இல்ல.

— நான் மோட்டார் சைக்கிள்காரன்னு நெனச்சுக்குங்க. படிச்சுக் காட்டுங்க.

— மனப்பாடமாத் தெரியும். அந்தக் காலத்துல கிழக்கேர்ந்து ஒரேகானுக்குக் குடியேற மாட்டு வண்டி கட்டிப் போனவங்க இந்த ஊத்துல ராத்தங்கினாங்க. நல்ல தண்ணி, மாட்டுக்குப் புல்லு. வண்டிகள வட்டமா நிறுத்தி, நடுவுல தீ மூட்டி, ஒருத்தன் பிடில் வாசிப்பான். கெழக்கால உள்ள பாறையில பேரு செதுக்கிட்டுப் போயிருக்காங்க. அதுல ஒரு பேருதான் எனக்குப் பிடிக்கும். தேதி இல்ல, ஊர் இல்ல. 'ஹன்னா, இன்னும் போகிறேன்' அப்படின்னு மட்டும்.

— இன்னும் போகிறேன்.

— போய்ச் சேர்ந்தாளான்னு தெரியாது. நான் தேடிப் பாத்துட்டேன். பாய்ட், என்ன மூச்சு வாங்குற?

— கியர் மாத்துறேன். இந்த வண்டியில கியர் மாத்துறது கன்னுக்குட்டியோட மல்லுக் கட்டுற மாதிரி.

— அது சரி, உன் எஞ்சின் சத்தமே கேக்கலயே?

— மைக்க கையால பொத்திக்கிட்டுப் பேசுறேன். இல்லன்னா எஞ்சின் சத்தம்தான் கேக்கும், என் குரல் கேக்காது.

— எங்க வந்திருக்க?

— மாடு தாண்டாம கம்பி போட்டிருக்கே, அந்தப் பாலம். இன்னும் கொஞ்ச தூரம்தான். நிறுத்தாதீங்க. அவங்க எப்படிப் போனாங்க? யாரு முன்னாடி, யாரு பின்னாடி? சண்ட வராதா?

— நல்ல கேள்வி. ஒருத்தரும் கேட்டது இல்ல இத. முன்னாடி போறவனுக்குப் புழுதி இல்ல. கடைசியில வர்றவன் எல்லாரோட புழுதியையும் தின்னுக்கிட்டு வரணும். அதனால முறை வச்சாங்க. இன்னிக்கு முன்னாடி போன வண்டி நாளைக்குக் கடைசி. பணக்காரன், பாதிரி, யாரா இருந்தாலும் அதே முறைதான்.

— நல்ல ஏற்பாடு.

— கிளென் போன பிற்பாடு எனக்கு முறையே மாறல. தெனமும் புழுதிதான். சாப்பாட்டு மேசையில ரெண்டு தட்டு எடுத்து வச்சுட்டு, ஒண்ணத் திரும்ப அலமாரியில வைக்கிறேன். இது எதுக்கு உன்கிட்ட சொல்றேன்?

— சொல்லுங்க. யாரும் கேக்கல, நான் மட்டும்தான்.

— உனக்கு வீட்ல யாரு?

— பிக்கில்.

— அது பேரா?

— நாய். ஒரு காது கெடையாது, ஆனா திமிரு மாத்திரம் நாலு நாய்க்கு உண்டு. பொண்டாட்டி ரீனோவுக்குப் போய் பல வருஷமாச்சு. நாய விட்டுட்டுப் போனா. அந்த மட்டும் அவளுக்குப் பெரிய மனசு.

— ஊர்ல பேச்சுத் துணைக்கு ஆள் இல்லையா?

— இருக்காங்க. விரலத் தூக்குவாங்க.

— ...சிரிக்க வச்சுட்டியே. சிரிச்சா உதடு வெடிக்குது.

— வெர்லாம்மா, ஒரு உதவி.

— கேளு.

— புயலடிச்சா எனக்கு விடிய விடிய டூட்டி இருக்கும். உங்க வீட்லேர்ந்து என் வீடு பக்கம்தான், பச்சக் கூரை போட்ட டிரெய்லர். கதவ பூட்டுறது இல்ல. நாளைக்குப் போய் பிக்கிலுக்குச் சாப்பாடு வைக்க முடியுமா? தீனி, அடுப்புக்குக் கீழ டப்பாவுல இருக்கு.

— நீயே போய் வைக்க வேண்டியதுதானே? நாளைக்குத் தூங்க மாட்டியா?

— முடிஞ்சா நானே வைக்கிறேன். முடியலன்னா.

— சரி, வைக்கிறேன். கடிக்குமா?

— மொதல்ல கடிக்கும். அப்புறம் மடியில ஏறும்.

— ஆம்பளைங்க மாதிரி. கிளெனும் அப்படித்தான். பாய்ட்?

— ...

— பாய்ட்!

— ம்ம்.

— ஓட்டிக்கிட்டே தூங்குறியாய்யா? கண்ண முழிச்சு ரோட்டப் பாரு!

— தூங்கல. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க பேசுங்க. நீங்க பேசினா முழிச்சுக்கிட்டு இருப்பேன்.

— நான் தூங்கக் கூடாதுன்னுதானே பேசச் சொன்ன?

— ரெண்டு பேருக்கும்தான்.

— இங்க கேளு. வெயில் காலம் வந்ததும் வண்டிய ஓரங்கட்டிட்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்துல உக்காரணும். இன்னொரு மடக்கு நாற்காலி கொண்டு வர்றேன். பலகைய நின்னு படிக்கணும். தொப்பிய கழட்டிட்டு. அதுக்கு அப்புறம் ஹன்னாவோட பாறையக் காட்டுறேன். ஆப்பிள் பை செஞ்சு எடுத்துட்டு வர்றேன். சாப்பிடுவியா?

— சாப்பிடுவேன்.

— ஒப்புக்குச் சொல்லாதே.

— நெசமாத்தான். ஆப்பிள் பை சாப்பிட்டு... ரொம்ப நாளாச்சு.

— வார்த்த ஏன் இழுக்குது? குடிச்சிருக்கியா?

— டூட்டியில தொட மாட்டேன். குளிரு. நாக்கு தடிச்சுக்கிச்சு.

— உன் வண்டியில ஹீட்டர் இல்லையா?

— இருக்கு... ஜன்னல எறக்கிட்டு ஓட்டுறேன். கண்ணாடி பூரா பனி. தலைய வெளியில நீட்டித்தான் ரோட்டப் பாக்கணும்.

— பாவம்யா நீ. எனக்காக. ஒரு கிழட்டு மடச்சி துணி கழட்டப் போனான்னு.

— மடச்சி இல்ல.

— எங்க வந்திருக்க?

— டவர். டவர்கிட்ட. இன்னும் கொஞ்ச தூரம். வெர்லாம்மா, இப்ப விளக்கப் போடுங்க. ரெண்டு பக்க விளக்கும் மின்னுற மாதிரி போடுங்க. ஹார்ன அடிங்க. விட்டு விட்டு அடிங்க.

— அடிக்கிறேன். கேக்குதா உனக்கு?

— அடிச்சுக்கிட்டே இருங்க.

— பாய்ட்! பாய்ட், ஏதோ மஞ்சளா தெரியுது! சுத்துது! மஞ்ச விளக்குய்யா! நீதானா அது?

— தெரியுதா?

— தெரியுது! நேரா வருது! கடவுளே, என்ன அழகா இருக்கு!

— நல்லது. நல்லதும்மா. ஹார்ன விடாதீங்க... வண்டிய விட்டு எறங்கிராதீங்க.

— வந்துட்ட, வந்துட்ட! கதவத் தட்டுற! இரு, பூட்டு ஒறஞ்சு கெடக்கு, ஓங்கி உதை!

— தள்ளி உக்காருங்கம்மா, இழுக்கிறேன்! ஆ, தொறந்துருச்சு! வெர்லாம்மாதானே? கையக் குடுங்க. கால் உணர்ச்சி இருக்கா?

— இருக்கு. நீ யாரும்மா? நான் பாய்டுன்னு நெனச்சேன்.

— டெஸ் மோரா. அவரு கூட வேல பாக்கிறவ. அந்தத் துணியோடயே வாங்க, பரவாயில்ல. என் தோளப் புடிங்க. படி உயரம், பாத்து. ஏறுங்க, ஏறுங்க. அவ்வளவுதான்.

— அப்பாடா. சூடு. என்ன சூடு உன் வண்டியில. பாய்ட் உன் பின்னாடி வர்றானா?

— பெல்ட்ட போட்டுக்குங்கம்மா. வண்டிய ஒடிச்சுத் திருப்பப் போறேன்.

— வேற யாரும் வர்றது எனக்குத் தெரியலயே. கண்ணாடியில விளக்கே இல்ல. ஏன் இப்படி விரட்டுற? என்ன அவசரம்? நான்தான் பொழச்சுட்டேனே.

— அந்த மைக்க எடுத்துக் குடுக்கிறேன், பிடிங்க. அவர கூப்பிடுங்க. பேசுங்க.

— பாய்ட்! உன் ஆளு வந்துட்டா, சூடா உக்காந்திருக்கேன். நீ எங்க நிக்கிற? ... பாய்ட்? ... பதில் வரலயேம்மா.

— நிறுத்தாதீங்க. கூப்பிட்டுக்கிட்டே இருங்க. உங்க குரல் அவருக்குக் கேக்கணும்.

— ஏன்? டவர்கிட்ட இருக்கேன்னானே இப்பத்தான்? டெஸ், ரோட்ட விட்டுட்டு என்னப் பாரு. பாய்ட் எங்க?

— ஓடைப் பாலத்துக்குக் கீழம்மா. நீங்க ரேடியோவுல மொத தடவ கூப்பிடுறதுக்கு முன்னாடியே அவரு வண்டி கவுந்து, கால் அதுக்கு அடியில மாட்டிக்கிச்சு. வண்டி நகரவே இல்ல, எஞ்சினும் ஓடல. இருந்தது என் வண்டி ஒண்ணுதான். பிரிவு ரோட்டுல நின்னு, யார்கிட்ட மொதல்ல போகன்னு ஆபீஸ் ரேடியோவுல அவரையே கேட்டேன். "அந்த அம்மாகிட்ட நான் வந்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லிக்கிறேன், நீ அங்க போ"ன்னாரு.